விழித்திரைத் துளையும் நுண்துளை அறுவைச் சிகிச்சையும்

விடியற்காலையில் தலைவிளக்கின் ஒளியில் பால்மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கையும் கத்தியும் எவ்வளவு முக்கியமோ, கண்ணும் அவ்வளவு முக்கியம். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். பால் தடையின்றி வடிய வேண்டும். ஆயினும் கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் ஏற்படுத்திவிடலாகாது. பல்லாண்டுப் பழக்கத்தால் இந்நுட்பத்தைக் கைவரப்பெற்ற ஓர் அம்மையார் இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது அறுபது. ஒரு நாள் காலையில் வெட்டுக்கோடு நடுவில் நெளிந்திருப்பதைப்போல் அவருக்குத் தோன்றுகிறது. வீடு திரும்பியதும் கதவின் விளிம்பைப் பார்க்கிறார். அதுவும் நடுவில் வளைந்து தெரிகிறது. மகனிடம் கூறுகிறார்.

“வயதானால் பார்வை மங்கத்தானே செய்யும், அம்மா? சம்பளம் வந்ததும் புதுக் கண்ணாடி வாங்கித் தருகிறேன்” என்கிறான் மகன்.

மகனின் அன்பில் குறையில்லை. ஆனால் அம்மையாருக்கு வந்திருப்பது கண்ணாடியால் தீரும் குறையாக இல்லாமலும் இருக்கலாம். விழித்திரையின் நடுவில் ஒரு நுண்ணிய துளை விழுந்திருந்தால், எத்தனை கண்ணாடிகளை மாற்றினாலும் கோடு நேராகாது. அத்துளையை மூட இன்று அறுவைச் சிகிச்சை உண்டு. அச்சிகிச்சை எவ்வாறு தோன்றியது, அதில் வழங்கும் பல முறைகளுக்குள் வேறுபாடு யாது, நோயாளி எதில் கருத்தூன்ற வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணின் உட்புறம்

கண்ணைப் புகைப்படக் கருவிக்கு ஒப்பிடுவது வழக்கம். முன்புறத்திலுள்ள வில்லை ஒளியைக் குவிக்கிறது. பின்புறச் சுவரில் படிந்திருக்கும் விழித்திரை அவ்வொளியைப் பெற்று மூளைக்குச் செய்தியாக அனுப்புகிறது. விழியின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். விழித்திரையின் தடிப்போ ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர்தான். அத்திரையின் நடுவில் மாக்குலா எனப்படும் மஞ்சள் புள்ளி அமைந்துள்ளது. எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பதும் இப்புள்ளியின் துணையால்தான். அதன் மையத்தில் ஒரு சிறு குழிவு உண்டு. அங்கே விழித்திரை மேலும் மெலிந்திருக்கும்; ஆனால் கூர்மையான பார்வை முழுவதும் அவ்விடத்தைச் சார்ந்ததே.

வில்லைக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள பெரிய வெளியை விட்ரியஸ் எனப்படும் தெளிந்த கூழ் நிரப்பியுள்ளது. அதன் அளவு ஏறத்தாழ 4 மில்லிலிட்டர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே ஆகும். இளமையில் இக்கூழ் விழித்திரையோடு ஒட்டியிருக்கிறது. வயது ஏற ஏற அது நீர்த்துச் சுருங்கி, திரையை விட்டு மெல்ல விலகுகிறது. பெரும்பாலோருக்கு இவ்விலகல் தீங்கின்றி முடிந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் அக்கூழ் மஞ்சள் புள்ளியின் மையத்தை விடாமல் பற்றி இழுக்கிறது. வெட்டுக்கோட்டில் உலர்ந்த ஒட்டுப்பாலை உரிக்கும்போது சில வேளைகளில் பட்டைத் துணுக்கும் உடன் பெயர்ந்து வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதைப் போலவே, விலகும் கூழின் இழுப்பினால் மெலிந்த மையத்தில் துளை உண்டாகிறது.

இந்நோய் அறுபது வயதைக் கடந்தோரிடம், அவர்களுள்ளும் பெண்களிடம், மிகுதியாகக் காணப்படுகிறது. கடுமையான கிட்டப்பார்வை உடையவர்களுக்கும் இது வரக்கூடும். கண்ணில் பலமான அடி பட்டால் இளைஞர்களுக்கும் துளை விழலாம். புல்வெட்டும் இயந்திரத்தைக் கையாள்வோர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் வேலையில் இறங்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கைவிடப்பட்ட நோய்

மஞ்சள் புள்ளியில் துளை விழுவதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். எனினும் அதற்குச் சிகிச்சை இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவ அறிஞர் டானல்ட் காஸ், துளையின் தொடக்கத்திற்குக் கூழின் இழுப்பே காரணம் என விளக்கி, நோயைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டினார். இழுப்பு காரணமாயின், இழுக்கும் கூழை அகற்றினால் துளை மூடக்கூடுமன்றோ?

இக்கேள்விக்கு 1991ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த நீல் கெல்லி, ராபர்ட் வெண்டல் என்னும் இரு மருத்துவர்கள், 52 கண்களில் கூழை அகற்றி, அவ்விடத்தில் வாயுவை நிரப்பிப் பார்த்தனர். அவற்றுள் 30 கண்களில், அதாவது நூற்றுக்கு 58 வீதம், துளை மூடிக்கொண்டது. கைவிடப்பட்டிருந்த ஒரு நோய் அன்று முதல் தீர்க்கக்கூடிய நோய்களின் வரிசையில் சேர்ந்தது. இன்று சிறிய துளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை ஒரே அறுவையில் மூடிக்கொள்கின்றன.

வாயில்கள் குறுகிய வரலாறு

விழிக்குள்ளிருக்கும் கூழை வெளியேற்ற வேண்டுமானால், விழியின் வெள்ளைச் சுவரில் வாயில் திறந்தாக வேண்டும். மூடிய விழிக்குள் கருவியைச் செலுத்திக் கூழை வெட்டி உறிஞ்சும் முறையை 1970ஆம் ஆண்டில் மயாமி நகரில் தொடங்கி வைத்தவர் ராபர்ட் மாக்கமர் என்னும் மருத்துவர். வெட்டுவது, உறிஞ்சுவது, நீர் புகட்டுவது ஆகிய வேலைகளை அவருடைய ஒரே கருவி செய்தது. ஆகவே அது பருமனாக இருந்தது. அதற்கு 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாயில் தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்குப் பின் அவ்வேலைகள் பிரிக்கப்பட்டு, மூன்று சிறு வாயில்கள் இடும் முறை வழக்கிற்கு வந்தது. ஒன்றின் வழியே விழி சுருங்காதவாறு நீர் செல்லும். மற்றொன்றின் வழியே விளக்கு நுழையும். மூன்றாவதன் வழியே வெட்டும் கருவி நுழையும். இவ்வாயில்கள் 20 கேஜ் அளவின. கேஜ் என்பது கம்பிகளுக்கும் ஊசிகளுக்கும் வழங்கும் பருமன் எண். எண் உயர உயரப் பருமன் குறையும். 20 கேஜ் என்பது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் விட்டமாகும்.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யூஜின் டி ஹுவான் குழுவினர், ஏறத்தாழ 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள 25 கேஜ் முறையை வெளியிட்டனர். 2005ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் எக்கார்ட், 0.6 மில்லிமீட்டரைச் சற்றே ஒட்டிய 23 கேஜ் முறையை அறிமுகப்படுத்தினார். 2010ஆம் ஆண்டில் ஜப்பானின் யூசுகே ஓஷிமா குழுவினர், ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் அளவான 27 கேஜ் முறையைத் தந்தனர்.

இந்த வரிசையில் ஒரு புதிர் உண்டு. 25 கேஜ் வந்த பிறகு, அதைவிடப் பருமனான 23 கேஜ் ஏன் வந்தது? தொடக்கக் காலத்து 25 கேஜ் கருவிகள் மிக மெல்லியவையாதலால், மருத்துவர் விழியைத் திருப்பும்போது அவை வளைந்தன. நினைத்த இடத்தில் முனையை நிறுத்துவது கடினமாயிற்று. ஆகவே தையல் வேண்டாத நன்மையையும் கருவியின் உறுதியையும் ஒருங்கே பெறும் பொருட்டு 23 கேஜ் தோன்றியது. கருவி மெலிந்தால் மட்டும் போதாது, அது கைக்கு அடங்கியதாகவும் இருக்க வேண்டும் என்பதைப் பால்வெட்டுக் கத்தி பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முறைகளின் ஒப்பீடு

20 கேஜ் முறையில் வெள்விழியைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வை முதலில் வெட்டி விலக்க வேண்டும். சிகிச்சையின் முடிவில் வாயில்களைத் தைக்க வேண்டும். தையல் கரையும் வரையில் கண் சிவந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்தும். 23, 25, 27 கேஜ் முறைகளில் சவ்வை வெட்டாமல், அதன் வழியாகவே சிறு குழாயைச் செலுத்துவர். முடிவில் குழாயை எடுத்ததும் வாயில் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். உறுத்தலும் சிவப்பும் குறைவு. புண் விரைவில் ஆறும். தையல் இடும் நேரமும் மிச்சமாகும். இவை சிறு வாயில் முறைகளின் நன்மைகள்.

இனிக் குறைகளையும் எண்ண வேண்டும். முதலாவது, குழாய் குறுகினால் ஓட்டமும் குறையும். நீர் சீராக ஓடும் குழாயின் விட்டம் பாதியானால், அழுத்தமும் நீளமும் மாறாதிருக்க, ஓடும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்பது இயற்பியல் விதி. எனவே மெல்லிய கருவியால் கூழை அகற்ற அதிக நேரம் பிடித்தது. வெட்டும் வேகத்தை உயர்த்தி இக்குறையைப் பெருமளவு நீக்கியுள்ளனர். தொடக்கத்தில் 25 கேஜ் கருவி நிமிடத்திற்கு 1,500 முறை வெட்டியது. இன்று 10,000 முறைக்கு மேல் வெட்டும் கருவிகள் வந்துவிட்டன.

இரண்டாவது குறை இதனினும் முக்கியமானது. தையலில்லாத வாயில் சரியாக மூடாவிடின், உள்ளிருக்கும் நீரோ வாயுவோ கசிந்து விழியின் அழுத்தம் தாழும். வெளியிலுள்ள கிருமி உட்புகவும் வழி ஏற்படும். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை உணர்த்தியது. 20 கேஜ் முறையில் சிகிச்சை செய்த 5,498 கண்களுள் ஒன்றில் மட்டுமே விழிக்குள் கடுமையான கிருமித் தொற்று ஏற்பட்டது. 25 கேஜ் முறையில் செய்த 3,103 கண்களுள் ஏழில் ஏற்பட்டது. வாயில் சிறிதாயினும் தீங்கு பெரிதாக நேரக்கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று. அதன்பின் குழாயை நேராகக் குத்தாமல் சாய்வாகச் செலுத்தும் வழக்கம் பரவியது. சாய்வான வாயிலை விழியின் உள் அழுத்தமே ஒரு கதவைப்போல் சாத்திவிடும். கசிவு தென்பட்டால் தயங்காமல் ஒரு தையல் இடுவதும் வழக்கமாயிற்று. இத்தகைய முன்னெச்சரிக்கைகளால் தொற்று மீண்டும் அரிதாகிவிட்டது.

ஆகவே ஒப்பீட்டின் முடிவை இவ்வாறு கூறலாம். 23 கேஜ் கருவி உறுதி மிக்கது. அதன் வாயிலுக்குச் சில வேளைகளில் தையல் தேவைப்படும். 27 கேஜ் வாயில் எளிதில் மூடும். ஆனால் வேலை சற்று மெதுவாக நடக்கும். 25 கேஜ் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இன்றைய கருவிகள் முன்னைப்போல் வளைவதில்லை. விழித்திரைத் துளை மூடும் விகிதத்திலோ இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகள் பெரிய வேறுபாடு எதனையும் காணவில்லை. வாயிலின் அளவு நோயாளியின் சுகத்தையும் புண் ஆறும் நாளையும் தீர்மானிக்கிறது; பார்வை மீள்வது வேறு காரணங்களைப் பொறுத்தது.

துளையை மூடுவன யாவை?

முதற்காரணம், துளையின் அளவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரோன் ஆகும். 250 மைக்ரோன் வரையிலான துளை சிறியது. 400 மைக்ரோனுக்கு மேற்பட்டது பெரியது. சிறிய துளை எளிதில் மூடும். காலம் கடக்கக் கடக்கத் துளை அகலமாகும் இயல்புடையது.

இரண்டாவது, விழித்திரையின் மேற்பரப்பிலுள்ள மிக மெல்லிய சவ்வை உரித்தெடுத்தல். அதன் தடிப்பு இரண்டு மூன்று மைக்ரோன்களே. சாயமிட்டு அதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்து, நுண்ணிய இடுக்கியால் பற்றி, கீழுள்ள திரைக்குக் காயம் படாமல் உரிக்க வேண்டும். இதனால் துளையின் ஓரங்கள் இறுக்கம் தளர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். பெரிய துளைகளுக்கு, உரித்த சவ்வை முற்றிலும் நீக்காமல் மடித்துத் துளையின்மேல் போர்த்தும் முறையை 2010ஆம் ஆண்டில் போலந்து நாட்டின் சோபியா மிகாலெவ்ஸ்கா குழுவினர் வெளியிட்டனர். அவர்களுடைய ஆய்வில் பழைய முறையால் நூற்றுக்கு 88 பெரிய துளைகளும், புதிய முறையால் 98 துளைகளும் மூடின.

மூன்றாவது, வாயு. கூழை அகற்றியபின் விழிக்குள் நிரப்பப்படும் வாயுக்குமிழி, துளையை ஈரமின்றி மூடிக்காத்து, ஓரங்கள் கூடி ஆறுவதற்கு உதவுகிறது. ஒருவகை வாயு ஏறத்தாழ இரண்டு வாரங்களிலும், மற்றொரு வகை ஆறு முதல் எட்டு வாரங்களிலும் தானே கரைந்துவிடும். அவ்விடத்தை விழியில் சுரக்கும் நீர் நிரப்பிக்கொள்ளும்.

நான்காவது, காலம். துளை விழுந்த சில மாதங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்களுக்குப் பார்வை நன்கு மீளும் வாய்ப்பு மிகுதி. ஓராண்டைக் கடந்துவிட்டால் துளை மூடினாலும், பார்வை அதே அளவிற்குத் திரும்புவது அரிது. இந்நான்கனுள் முதல் மூன்றும் மருத்துவரின் கணிப்பிலும் கைத்திறனிலும் அடங்கும். நான்காவது நம் கையில் உள்ளது.

சிகிச்சைக்குப் பின்

குமிழி மேல்நோக்கி மிதக்கும் தன்மையுடையது. துளையோ விழியின் பின்சுவரில் உள்ளது. ஆகவே குமிழி துளையைத் தொட்டு நிற்கும் பொருட்டு, முகத்தைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் சில நாள்களுக்குப் பணிக்கக்கூடும். சிறிய துளைகளுக்கு இக்கட்டுப்பாடு தளர்த்தப்படுவதுண்டு. பெரிய துளைகளுக்கு இன்றும் பல மருத்துவர்கள் இதனை வற்புறுத்துகின்றனர். அந்நாள்களில் உணவு பரிமாறவும், கண்ணில் மருந்து விடவும் வீட்டில் ஒருவர் துணையிருப்பது நன்று.

வாயு கரையும் வரையில் விமானத்தில் பறக்கலாகாது. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால், குமிழி விரிந்து, விழியின் அழுத்தம் அளவுமீறி உயர்ந்து, பார்வையே பறிபோகலாம். கேமரன் மலை, கெந்திங் மலை போன்ற உயரமான இடங்களுக்கும் மருத்துவர் அனுமதியின்றிச் செல்லலாகாது. வேறு நோய்க்காக மயக்க மருந்து பெற நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை அம்மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மயக்கத்திற்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு குமிழியைப் பெருக்கிவிடும்.

கண்ணைக் கசக்குதல், ஆற்றுநீரிலோ குளத்திலோ மூழ்குதல், பால்வாளி போன்ற சுமைகளைத் தூக்குதல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும் வரையில் தவிர்க்க வேண்டும். வலி மிகுந்தாலோ, கண் மேலும் சிவந்தாலோ, பார்வை குறைந்தாலோ, கண்முன் திரை விழுந்தாற்போல் தோன்றினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தோர் பலருக்கு, இச்சிகிச்சைக்குப்பின் ஓரிரு ஆண்டுகளில் கண்புரை வளர்வதுண்டு. அதனைத் தனியே அறுவை செய்து நீக்கலாம். பார்வை ஒரே நாளில் திரும்பிவிடாது. பல மாதங்களில் சிறிது சிறிதாகத் தெளியும். முழுமையாகத் திரும்பும் என்று எவருக்கும் உறுதி கூற இயலாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

நமக்கு இரு கண்கள் இருப்பதே இந்நோயை மறைத்துவிடுகிறது. ஒரு கண்ணில் துளை விழுந்தாலும், மற்றொரு கண் அக்குறையை ஈடுசெய்துவிடும். வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆதலால் நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை இச்சோதனையைச் செய்தல் நலம். வழக்கமாக அணியும் கண்ணாடியோடு, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மற்றொரு கண்ணால் கதவின் விளிம்பையோ சன்னல் கம்பியையோ உற்று நோக்குக. பின்னர் மறுகண்ணாலும் அவ்வாறே நோக்குக. கோடு வளைந்தோ, நடுவில் அறுந்தோ தெரிந்தால், அல்லது எதிரில் இருப்பவரின் முகத்தில் நடுப்பகுதி மட்டும் மறைந்தால், அரசாங்கக் கிளினிக்கிற்குச் சென்று, “ஒரு கண்ணுக்குக் கோடு வளைந்து தெரிகிறது” என்று தெளிவாகக் கூறுக. அங்கிருந்து மருத்துவமனையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவி, வலி சிறிதுமின்றிச் சில நிமிடங்களில் துளையையும் அதன் அளவையும் காட்டிவிடும். வளைந்த கோடு வேறு விழித்திரை நோய்களின் அடையாளமாகவும் இருக்கலாம். அவற்றுள்ளும் பல காலந்தாழ்த்தக் கூடாதவை.

மருத்துவரைச் சந்திக்கும்போது எத்தனை கேஜ் கருவி என்று கேட்பதில் தவறில்லை. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் சில உண்டு: துளையின் அளவு என்ன? எவ்வளவு காலமாக இருக்கலாம்? எந்த வாயு, எத்தனை நாள்? முகத்தைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டுமா? எப்பொழுது வேலைக்குத் திரும்பலாம்? இவற்றுக்குரிய விடைகளைக் கொண்டே குடும்பத்தார் விடுப்பையும் துணையையும் திட்டமிட முடியும்.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட அம்மையாரிடம் மீண்டும் வருவோம். அவருடைய மகன் புதுக் கண்ணாடிக்காகச் சம்பள நாளை எதிர்நோக்கியிருந்தால், ஒரு மாதம் கழியும். அக்கண்ணாடியும் உதவவில்லை என உணர மேலும் இரு மாதங்கள் செல்லும். அதற்குள் துளை அகன்றிருக்கும். அன்று மாலையே தாயை அமர்த்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, “அம்மா, இந்தக் கதவு உங்களுக்கு எப்படித் தெரிகிறது?” என்று கேட்டிருந்தால், மறுநாளே கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றிருப்பான். கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பது நம் முன்னோர் மொழி. இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.